தள்ளக் கூடாது

முதலில் அதைத்தான் சொன்னார்கள்:
பிடி. தள்ளாதே.
தள்ளினால் ஓடுகிறவனுக்குப் பத்து செக்கன் அபராதம்.

இருபத்திரண்டு வருசம்
நான்காம் குறுக்குத் தெருவில்
என் காதில் விழுந்த ஒரே சொல்
தள்ளு.
வெங்காய மூட்டை பதினாறு ஏற்றிய கரத்தையை
மெயின் வீதி வெயிலில் தள்ளுகிறவன்,
நாட்டாமி மருதையா.
கை உரமான ஆள் வேண்டுமாம்,
ரயர் கடை பாயிஸ் நானா கூட்டிவந்து விட்டார்.
ஒரு ரீ சேட் தந்தார்கள். தோளில் இறுக்கம்.
மாலையில் திருப்பித் தர வேண்டும்.

காலிமுகத்திடலில் பலகை மேடை,
அதிலிருந்து வீதிக்கு ஒரு சரிவு.
தீவைச் சுற்றும் ஐந்து நாள் ஓட்டத்தில்
இன்று நாலாம் நாள்.
மூன்று நாளாய் ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்து
காற்றை ஏமாற்றி வந்தவர்கள்
இன்று நிமிசத்துக்கு ஒருவராய்
தனியே போய்
தெஹிவளைக் கால்வாயில் திரும்பி வர வேண்டும்.
கடைசியில் கிடப்பவன் முதலில்.
மஞ்சள் சட்டைக்காரன் கடைசியில்.

ஏறுவார்கள்.
சப்பாத்து இரண்டும் பெடலில் பூட்டிக்கொள்ளும், டக், டக்.
அதற்குப் பிறகு நிலத்தோடு அவர்களுக்கு உறவில்லை.
இருக்கைக்கு அடியில் என் கைதான் நிலம்.

ஜான்ஸ் சேர் ஐந்து விரலை விரித்து ஒவ்வொன்றாய் மடிப்பார்:
பஹ, ஹதர, துன, தெக,
எக.

ஒரு முகமும் எனக்குத் தெரியாது.
முதுகு தெரியும்.
கடற்படைக்காரன் முதுகு நனைந்த கருங்கல்.
அட்டன் பொடியன் ஒருவன் நடுங்கினான்,
இருக்கைக் கம்பி வழியே அது என் முழங்கைவரை வந்தது.
ஒருவன் செபம் சொன்னான். ஒருவன் ஏப்பம் விட்டான்.
இன்னொருவன் திரும்பாமலே,
"அண்ணே, கொஞ்சம் இடப்பக்கம்" என்றான்.
விட்டதும் கை தானாக மேலே எழும்பும்.
மூட்டை இறக்கிய தோளுக்கு வரும் சுகம் இல்லை அது,
வேறு என்னவோ.

கொள்ளுப்பிட்டிப் பக்கம் மாத்தறை ரயில் கூவும்.
அதோடு போட்டிக்கு ஓடுவார்களோ,
வெள்ளவத்தையில் உப்புக்காற்று விலாவில் இடிக்குமோ,
நான் கண்டேனா?
என் பந்தயம் ஐந்து செக்கன்.

பத்து இருபத்தாறுக்கு
நாற்பத்தேழு.
படியில் ஆளில்லை.
ஒலிபெருக்கி "துலாஞ்சன, நாத்தாண்டிய" என்று
பேரும் ஊரும் சொல்லி நின்றுபோனது.
அவர்கள் காரின் கூரையில்
முன்சில்லு இல்லாத ஒரு சைக்கிள்.
நேற்றுக் கடுகண்ணாவை வளைவில் மழை என்றார் யாரோ,
அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

அடுத்தவனை ஏற்றலாமே சேர் என்றேன்.
"இது அவனுடைய நிமிசம்" என்றார்
கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

பிறகு, வெறுமைக்கு நேரே
ஐந்து விரலையும் விரித்தார்.
பஹ.
நான் ஏன் குனிந்தேன் தெரியாது.
ஹதர.
கை இருக்கையின் உயரத்தில் நின்றது.
துன.
உள்ளங்கைக்கும் பலகைக்கும் நடுவே கடற்காற்று,
தெக,
அதுவும் கொஞ்சம் நடுங்கிற்று.
எக.

தள்ளினேன்.
மெல்ல இல்லை.
பதினாறு மூட்டைக்குத் தள்ளுகிற தள்ளு.
பாட்டா செருப்பு பலகையில் வழுக்கி
விழப் பார்த்தேன்.

யாரோ சிரித்தார்கள்.
ஜான்ஸ் சேர் பார்த்தார்.
அபராதக் கொப்பி திறந்தே கிடந்தது,
பேனையைக் காதில் செருகிக்கொண்டார்.

சரிவின் அடியில் கச்சான் கோது கொத்திய காகம் ஒன்று
இரண்டு எட்டு நகர்ந்து
வழி விட்டது.

அதற்குள் நாற்பத்தெட்டு ஏறிவிட்டான்.
டக், டக்.
வேர்வையில் இருக்கை வழுக்கிற்று,
இறுக்கிப் பிடித்தேன்.
இவனை நான் தள்ளவில்லை.